பழைய பெயிண்ட்பால் மார்க்கரில் இன்னொருவர் பெயர்: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

போன வருடம் ஒரு பழைய டிப்மேன் 98, அதாவது பெயிண்ட் நிரப்பிய பந்தைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, வாங்கினேன். வாடகைக்கு விடும் மைதானம் ஒன்று பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியபோது கிடைத்தது. அதன் இடது பக்கத்தில் "23" என்று அரை விரல் உயரத்துக்கு வெட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே, இடையில் கை மாறிய யாரோ வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் தன் போன் நம்பரை எழுதி வைத்திருந்தார். போன் நம்பர் பத்து நிமிடத்தில் போய்விட்டது. "23" போக இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. மை மேலே உட்கார்ந்திருக்கிறது, துடைத்தால் வரும். வெட்டு உள்ளே இறங்கியிருக்கிறது, அதைத் துடைக்க வழியில்லை. ஒன்று அதைச் சுற்றியிருக்கும் உலோகத்தை அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தை நிரப்ப வேண்டும். இந்த ஒன்று புரியாமல் வேலையைத் தொடங்குகிறவர்கள்தான் நல்ல மார்க்கரைக் கெடுக்கிறார்கள்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது, தீர்த்துவிடலாம். பெயிண்ட்பால் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி என்று சொல்வதில்லை, மார்க்கர் என்பார்கள். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹென்னிக்கர் என்ற ஊர்க் காட்டில் பன்னிரண்டு பேர் முதல் ஆட்டம் ஆடினார்கள். அவர்கள் கையில் இருந்த நெல்ஸ்பாட் 007, மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்திலிருந்து பெயிண்ட் அடையாளம் வைக்க உண்டான கருவி. அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. இந்தக் கட்டுரையில் மார்க்கர் என்றால் சுடுவது. எழுதுவதைப் பேனா என்றே சொல்கிறேன்.

சாமானில் பெயர் வெட்டுவது நமக்குப் புதிதல்ல. எவர்சில்வர் சொம்பு வாங்கினால் கடையிலேயே "எந்தப் பெயர் போடணும்?" என்று கேட்பார்கள். அமெரிக்காவிலும் அந்தப் பழக்கம் உண்டு, காரணம் மட்டும் வேறு. 1963இல் கலிபோர்னியாவின் மான்டரே பார்க்கில் தொடங்கிய ஆபரேஷன் ஐடென்டிஃபிகேஷன் என்ற திட்டத்தில், திருட்டுப் போனால் கண்டுபிடிக்க உதவும் என்று வீட்டுச் சாமான்களில் அடையாள எண்ணைச் செதுக்கி வைக்கச் சொன்னார்கள். டிரைவிங் லைசென்ஸ் எண் வெட்டிய பழைய பொருள் உங்கள் கைக்கு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதனாலேயே அழிக்கும் முன் ஒரு கேள்வி: இது விற்றவருடையதுதானா? விற்பவரிடம் "இதில் இருக்கும் பெயர் யாருடையது?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "அது எனக்கு முன்னால் வைத்திருந்தவர், அவரும் எங்கள் டீம்தான்" என்று உடனே பதில் வந்தால் நல்லது. முழித்தால் வாங்காதீர்கள். விலை பேசிய மெசேஜையும், வேலை தொடங்கும் முன் எல்லாப் பக்கத்துப் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கக்கூடாத இடங்கள்

முதலாவது, கம்பெனி போட்ட சீரியல் நம்பர். முந்தைய சொந்தக்காரர் பெயரை அழிப்பது உங்கள் விருப்பம். சீரியல் நம்பரை அழிப்பது அப்படியல்ல. கலிபோர்னியாவில் சீரியல் நம்பர் அழிக்கப்பட்ட பொருள் என்று தெரிந்தே வாங்கினாலோ விற்றாலோ வைத்திருந்தாலோ அதுவே குற்றம். சட்டத்தை விடுங்கள், நம்பர் இல்லாத மார்க்கரைப் பார்த்தால் அடுத்து வாங்க வருகிறவர் திருட்டுச் சாமான் என்றுதான் நினைப்பார். வெட்டிய பெயர் சீரியல் நம்பருக்கு ஒட்டினாற்போல் இருந்தால் அந்தப் பெயரோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பந்தைத் தள்ளும் காற்றை அடைத்து வைத்திருக்கும் டேங்க். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. கார்பன் ஃபைபர் டேங்க்கில் வழக்கமாக நிரப்புவது 4500 பி.எஸ்.ஐ. அழுத்தம், கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். டேங்க்கின் லேபிளில் தயாரித்த தேதியும் அழுத்த அளவும் இருக்கும். பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கார்பன் ஃபைபர் டேங்க் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் பதினைந்து வருடம். அந்த லேபிள் படிக்க முடியாமல் போனால் ஒழுங்கான மைதானத்தில் காற்று நிரப்ப மாட்டார்கள். டேங்க் உடம்பில் உப்புத்தாள் தேய்ப்பது, தின்னர் ஊற்றுவது, சூடு காட்டுவது எதுவும் கூடாது. இழைகளைக் கட்டிப் பிடித்திருப்பதே அந்த மேற்பூச்சுப் பிசின்தான். மேலே பேனாவில் பெயர் எழுதியிருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள்; போகவில்லையா, துணி உறை ஒன்றை மாட்டிவிடுங்கள். டேங்க் உடம்பில் பெயர் வெட்டியே இருந்தால் அது கார்பனானாலும் அலுமினியமானாலும் வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும்.

மூன்றாவது, முகமூடிக் கண்ணாடி. அது பாலிகார்பனேட். அசிட்டோன் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும், பந்து வந்து அடிக்கும்போதுதான் தெரியும். தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர வேறெதுவும் வேண்டாம். கண்ணாடியின் ஓரத்தில் யாராவது பெயர் கீறியிருந்தால் தேய்க்காதீர்கள், புதுக் கண்ணாடி வாங்குங்கள். பழைய முகமூடி வாங்கினால் கீறல் இல்லாவிட்டாலும் கண்ணாடியை மாற்றுவதுதான் என் பழக்கம்.

காற்றை இறக்கிவிட்டு உட்காருங்கள்

கண்ணுக்குப் பாதுகாப்புப் போட்டுக்கொண்டு, முதலில் மேலே இருக்கும் பந்துத் தொட்டியைக் கழற்றுங்கள். குழலில் பந்து சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். டேங்க்கைத் திருகி எடுங்கள். எடுத்த பிறகும் உள்ளே ஒரு மிடறு காற்று நிற்கும், ஆளில்லாத பக்கம் நோக்கி விசையை அழுத்தி அதைத் தீர்த்துவிடுங்கள். எலக்ட்ரானிக் மார்க்கராக இருந்தால் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பிரிப்பது. மையை மட்டும் துடைக்கப் போகிறீர்கள் என்றால் பிரிக்கத் தேவையில்லை. தேய்க்கப் போகிறீர்கள் என்றால் வெறும் கூடு மட்டும் மிஞ்சும்வரை பிரிக்க வேண்டும்; போல்ட், ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), சர்க்யூட் பலகை எல்லாம் வெளியே. டிப்மேன் 98இன் உடல் இரண்டு பாதிகளாகச் சேர்ந்தது. அவசரமாகப் பிரித்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளும் பின்னும் மேசையில் கொட்டும், எது எங்கே இருந்தது என்று தெரியாது. பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல் பாதியை மெல்லத் தூக்கி, உடனே ஒரு படம் எடுங்கள். முட்டை அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு திருகு என்று போட்டு வைப்பது என் வழி.

என்ன பொருள் என்று பார்ப்பது

இந்த வேலையின் பாதி இதுதான். மார்க்கர் உடலாகப் பெரும்பாலும் மூன்று பொருள்கள் வரும். வார்ப்பு அலுமினியத்தின் மேல் பெயிண்ட் மாதிரியான பூச்சு, டிப்மேன் போல. கட்டி அலுமினியத்தைக் கடைந்து அனோடைஸ் செய்தது. விலை கூடிய போட்டி மார்க்கர்கள் பெரும்பாலும் இப்படி. அப்புறம் நைலான் கலவைப் பிளாஸ்டிக்.

முதல் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் மறைவான இடத்தில் லேசாகக் கீறிப் பாருங்கள். அனோடைஸ் பூச்சு என்பது பெயிண்ட் இல்லை, அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி அதற்குள் சாயம் ஏற்றியது. அது மின்சாரம் கடத்தாது. பெயிண்ட்டும் கடத்தாது, ஆனால் பெயிண்ட் கீறினால் சீவலாக உரியும். அனோடைஸ் உரியாது, தேயும். வெட்டு எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க மல்டிமீட்டர் எடுங்கள். மீட்டரின் இரண்டு முனையையும் வெட்டிய எழுத்தின் பள்ளத்துக்குள் வைத்தால் "பீப்" என்று கத்தும், பக்கத்தில் வைத்தால் கத்தாது. வெட்டு பூச்சைத் தாண்டி உலோகத்துக்குப் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். கையால் வெட்டியது ஏறக்குறைய எப்போதும் தாண்டியிருக்கும், ஏனென்றால் சாயமேற்றிய அனோடைஸ் பூச்சின் கனம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான்தான். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றே 100 மைக்ரான் வரும்.

அடுத்து, நகத்தை எழுத்தின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் வெட்டு. மாட்டாமல் வழுக்கிப் போய், எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அது லேசர் குறி. லேசர் அங்கே சாயத்தை வெளுத்திருக்கிறது. அதைத் துடைக்கவும் முடியாது, சுரண்டவும் முடியாது. பூச்சையே முழுதாக எடுத்து மறுபடி அனோடைஸ் செய்தால்தான் போகும். புதிதாக வருகிறவர்கள் இதை மை என்று நினைத்து மணிக்கணக்கில் தேய்ப்பார்கள்.

மை

மெல்லியதிலிருந்து கடுமையானதுக்குப் போங்கள். முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். பழைய பந்தின் பெயிண்டும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் மருந்து எதுவும் மையைப் போய்ச் சேராது. அடுத்து வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாவை எடுத்து, அழியாத மையின் மேலேயே கிறுக்கி, ஈரம் காயும் முன் துடைத்துப் பாருங்கள். அதிலுள்ள கரைப்பான் கீழே இருக்கும் மையையும் இளக்கிக்கொண்டு வரும். வழவழப்பான அனோடைஸ் பரப்பில் இது மந்திரம் போல வேலை செய்யும், சொரசொரப்பில் அவ்வளவாக இல்லை.

அதற்கும் மசியாததுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால். 70 சதவீதமும் இருக்கும், 91 சதவீதமும் இருக்கும், 91 வாங்குங்கள். பஞ்சில் நனைத்து எழுத்தின் மேல் அரை நிமிடம் வைத்து, வெளியிலிருந்து உள்நோக்கித் துடையுங்கள். உள்ளிருந்து வெளியே துடைத்தால் சின்ன எழுத்து பெரிய கறையாகிவிடும். பஞ்சை ஒவ்வொரு துடைப்புக்கும் திருப்புங்கள். பெயிண்ட் பேனா என்றால் இரண்டு மூன்று முறை வைக்க வேண்டியிருக்கும், நடுவில் பிளாஸ்டிக் அட்டையின் முனையால் மெல்லச் சுரண்டலாம். பூச்சு பெயிண்ட் வகையாக இருந்தால் முதலில் பிடிக்குள் மறையும் இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், பஞ்சில் மார்க்கரின் நிறமே ஏறுகிறதா என்று.

அசிட்டோனைப் பற்றி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கறுப்புப் பந்துத் தொட்டியில் யாரோ டீம் பெயரை எழுதியிருந்தார்கள். நகப்பூச்சு எடுக்கும் திரவம் வீட்டில் இருந்தது, ஊற்றித் துடைத்தேன். மை போனது. கூடவே பிளாஸ்டிக்கும் இளகி, துணியின் நூல் தடம் அப்படியே பதிந்துவிட்டது. அந்தத் தொட்டி ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோன் அதைக் கரைக்கும். இப்போது அந்தத் தொட்டியில் டீம் பெயர் இல்லை, என் துணியின் தடம் இருக்கிறது. அனோடைஸ் செய்த வெறும் உலோகத் துண்டுக்கு, ஓ-ரிங் எதுவும் அருகில் இல்லாதபோது மட்டும் அசிட்டோன். பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பந்து நிரப்பி வைக்கும் குழாய் டப்பாக்களில் மை ஊறிப்போயிருந்தால் மெனக்கெட வேண்டாம், புதிது வாங்குவது மலிவு. சட்டை, பேன்ட்டில் எழுதியிருந்தால் அடியில் பழைய துணியை வைத்து, மேலிருந்து ஆல்கஹாலால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், முழுதாகப் போகும்வரை டிரையரில் போடவும் வேண்டாம்.

வெட்டு

இப்போது "23"க்கு வருவோம். டிப்மேன் மாதிரி பெயிண்ட் பூச்சுள்ள வார்ப்பு உடலில் இது கார் பட்டறை வேலைதான்: தேய், பட்டி பார், மறுபடி தேய், பிரைமர், பெயிண்ட். முதலில் எழுத்தின் விளிம்பில் எழும்பி நிற்கும் பிசிறை 220 நம்பர் வாட்டர் பேப்பரால் மட்டப்படுத்துங்கள். தாளை விரலில் பிடிக்காதீர்கள். விரல் மெத்தென்று இருப்பதால் பள்ளத்துக்குள் இறங்கி, கடைசியில் ஒரு சட்டிக்குழி உண்டாகும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும். மரத்துண்டில் சுற்றிப் பிடியுங்கள். எப்போதும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். அலுமினியத் தூள் மூக்குக்கும் ஆகாது, நெருப்புக்கும் ஆகாது.

வெட்டின் அடிமட்டம்வரை தேய்த்து இறக்க நினைக்காதீர்கள். என்னுடைய "23" ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம். முதல் சனிக்கிழமை முழுதும் அதைத் தேய்த்தே தீர்ப்பேன் என்று உட்கார்ந்தேன், சாயங்காலம் "2"இன் வால் மட்டும் மங்கியிருந்தது. அடுத்த வாரம் பள்ளத்தை ஆல்கஹாலால் கழுவி, உலோகத்துக்கான எபாக்சிப் பட்டியைப் பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தி நிரப்பினேன். மட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும், காயும்போது இறங்கும். நன்றாகக் காய்ந்தபின் 320, 400, 600 என்று ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. மேலே பிரைமர், கறுப்பு மேட் பெயிண்ட் மெல்லிய மூன்று கோட். திருகு மரைகளிலும், இரண்டு பாதியும் சேரும் முகத்திலும், சீரியல் நம்பர் மேலும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

அனோடைஸ் செய்த உடலில் இந்தப் பட்டி வேலை நடக்காது. எபாக்சியின் மேல் அனோடைஸ் ஏறாது, அந்த நிறத்தில் பெயிண்ட் கலந்தாலும் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். இங்கே உங்களுக்கு இருப்பவை சில வழிகள், எல்லாமே ஏதோ ஒரு வகையில் செலவு.

மேலோட்டமான கீறலாக இருந்தால் அந்த முகம் முழுவதையும் சமமாகத் தேய்த்து இறக்கலாம். எழுத்து இருக்கும் இடத்தை மட்டுமல்ல, ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புவரை. பேனாவால் முகம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டுத் தேயுங்கள். கோடு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே தாழ்வு. 320இல் தொடங்கி 2000வரை போய் பாலிஷ் போட்டு, அந்த ஒரு முகத்தை வெள்ளி நிறமாகவே விட்டுவிடலாம், வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். வெறும் அலுமினியம் நாளாவட்டத்தில் மங்கும், துருப்பிடிக்காது.

முழு நிறமும் வேண்டுமென்றால் அனோடைஸ் செய்யும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஒரு துண்டை மட்டும் கொடுத்து மற்றதன் நிறத்துக்குச் சேர்க்கச் சொன்னால் சேராது. கொடுத்தால் எல்லாத் துண்டுகளையும் ஒரே தொட்டியில் போடக் கொடுங்கள். ஆழமான வெட்டை வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்பார்கள். அடைக்கலாம், ஆனால் வெல்டிங் கம்பியைச் சொல்லி வாங்குங்கள். 6061 என்ற வகை அலுமினியத்தில் சாதாரணமாகப் போடும் 4043 கம்பியில் சிலிக்கான் அதிகம், அனோடைஸ் செய்ததும் அந்த இடம் கரும்சாம்பலாகி, அழித்த பெயரே மறுபடி எழுந்து நிற்கும். 5356 கம்பி பரவாயில்லை. பழைய பூச்சை ஓவன் அடுப்பு கழுவும் திரவத்தால் வீட்டிலேயே உரிப்பவர்கள் உண்டு. அதிலிருக்கும் காரம் ஆக்சைடைத் தின்றதும் நிற்காது, அலுமினியத்தையும் தின்னும். மரைகள் தளர்ந்து, ஓ-ரிங் உட்காரும் வளையம் அகன்று, காற்று கசியும். அந்த வேலையைப் பட்டறைக்கே விடுங்கள்.

குழலில் பெயர் இருந்தால் வெளிப்பக்கம் மட்டும் தேய்க்கலாம். உள்துளைக்குள் துணியைத் தவிர எதுவும் போகக்கூடாது, அளவு மாறினால் குழல் வீண். கார்பன் குழலைத் தேய்க்கவே வேண்டாம்.

மறைப்பது என்ற வழியைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படியில்லை. பிடிக்குப் பக்கத்தில் வெட்டிய பெயரென்றால் அதன் மேல் வருகிற மாதிரி பெரிய ரப்பர்ப் பிடி மாட்டினால் முடிந்தது. தட்டையான முகமென்றால் வினைல் ஒட்டி. நாலு டாலரில் முடியும் காரியத்துக்கு அனோடைஸ் பட்டறைக்குப் போய், மார்க்கர் விலையைவிடக் கூடுதலாகச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பச் சேர்த்து

சேர்க்கும் முன் எல்லாத் துண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்து, முழுக்கக் காயவிடுங்கள். உப்புத்தாளின் ஒரு மணல் துகள் போதும், புது ஓ-ரிங்கைக் கிழிக்க. உங்கள் மார்க்கருக்குச் சொன்ன எண்ணெயோ கிரீஸோ போட்டு, படத்தைப் பார்த்துச் சேருங்கள். டேங்க்கை மாட்டியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள், "உஸ்" சத்தம் வந்தால் கழற்றி ஓ-ரிங்கைப் பாருங்கள். மைதானத்தில் முதலில் வேகமானியில் சுட்டுக் காட்டுங்கள். வினாடிக்கு 300 அடிதான் பொதுவான உச்சவரம்பு, பல மைதானங்கள் 280க்கு மேல் விடாது. பிரித்துச் சேர்த்த மார்க்கரில் வேகம் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

என் டிப்மேனில் என் பெயரும் இருக்கிறது. பிடியின் இரண்டு திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னக் காகிதத் துண்டு, மேலே செல்லோடேப். அடுத்து வாங்குகிறவர் நகத்தால் உரித்துக்கொள்ளலாம்.